28, 15, 6: முதல் படையை எந்த அளவில் தொடங்கலாம்?

என் மேசையில் மூன்று பிரெஞ்சுக் காலாட்படை வீரர்கள் நிற்கிறார்கள். மூவரும் நெப்போலியன் காலத்தவர்கள். மூவருக்கும் நீலக் கோட்டு, மார்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டை, தோளில் துப்பாக்கி. முதலாமவர் என் கட்டைவிரலின் மேல்கணு உயரம். இரண்டாமவர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுக் கூடுதல். மூன்றாமவர் ஒரு நெல்மணி அளவு. 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ.

வரலாற்றுப் போர்களை மேசையில் ஆடும் மினியேச்சர் வார்கேமிங்கில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் காலம் என்றுதான். ரோமா, நெப்போலியனா, இரண்டாம் உலகப் போரா? அதை மனசு ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். சிறு வயதில் பார்த்த ஒரு படமோ, பாடப்புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு பெயரோ போதும். உட்கார்ந்து யோசிக்க வேண்டியது அளவைப் பற்றி. காலத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அளவை மாற்றினால் வீரர்கள், வீடுகள், மரங்கள், வீரர்களை ஒட்டும் பேஸ்கள் எல்லாமே மாற வேண்டும், சில சமயம் மேசை உட்பட. நான் ஒருமுறை மாற்றியவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இந்த எண்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 28 மி.மீ. என்பது பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரை உள்ள உயரம். நெற்றியும் தொப்பியும் கணக்கில் சேராது. சில தயாரிப்பாளர்கள் உச்சந்தலை வரை அளக்கிறார்கள். அதனால் இரண்டு பேரிடம் வாங்கிய 28 மி.மீ. வீரர்களை அருகருகே நிறுத்தினால் ஒருவர் மற்றவருக்கு அண்ணன்போலத் தெரிவார். ஒரே பட்டாலியனுக்குள் கலக்காமல், தனித்தனிப் பட்டாலியன்களாக நிறுத்தினால் கண்ணுக்கு உறுத்தாது. விகிதமாகச் சொன்னால் 28 மி.மீ. ஏறக்குறைய 1:56, 15 மி.மீ. 1:100, 6 மி.மீ. 1:300.

28 மி.மீ.யிலிருந்து தொடங்குவோம். கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். படங்களில் பார்த்து நாம் மயங்குவதும் இதில்தான். அந்த மயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. இந்த அளவில் ஒவ்வொரு வீரனுக்கும் முகம் உண்டு. ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான், ஒருவன் தோட்டா உறையைக் கடித்துக் கிழிப்பான், முரசடிக்கும் பையனின் கன்னம் உப்பியிருக்கும். கருப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, நீலமும் வெள்ளையும் வைத்து, அதன்மேல் நீர்த்த பழுப்பு வாஷை ஓடவிட்டால் கோட்டின் மடிப்புகளில் நிழல் தானாகத் தேங்கும். மறுநாள் மேடான இடங்களில் மட்டும் வெளிர்நீலத்தைத் தொட்டு இழுக்கும்போது, நேற்றுவரை உலோகத் துண்டாக இருந்தது ஆளாக எழுந்து நிற்கும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த கணம் அது. மற்ற எந்த அளவும் அதை இந்த அளவுக்குத் தருவதில்லை.

ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது. 1808ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுப் பட்டாலியனில் ஆறு கம்பெனிகள்: நான்கு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்கள்), ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வோல்டிஜர் (முன்னால் சிதறி நின்று சுடுபவர்கள்). ஃபியூசிலியர் கம்பெனி நான்குக்கும் தொப்பியில் செருகும் பந்துக் குஞ்சத்தின் நிறம் வேறு வேறு: கரும்பச்சை, வான்நீலம், ஆரஞ்சு, ஊதா. 1812ஆம் ஆண்டு விதிமுறைகளில் கோட்டின் வெட்டே மாறிவிட்டது. 28 மி.மீ. வீரனிடம் இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியும். தெரிவதால் வரைந்தாக வேண்டும். எனக்கு ஒரு வீரனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. 24 பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு 36 மணி நேரம். வாரத்தில் மூன்று மாலைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தால் பன்னிரண்டு வாரம். எட்டுப் பட்டாலியன் கொண்ட ஒரு சுமாரான படைக்கு, குதிரைப்படையைச் சேர்க்காமலே, ஏறக்குறைய இரண்டு ஆண்டு. எதிரிப் படையும் நம்முடையதே என்றால் நான்கு.

நான் இப்படித்தான் தொடங்கினேன். முதல் ஆண்டின் முடிவில் என்னிடம் மூன்று பட்டாலியனும் ஒரு பீரங்கியும் இருந்தன. அழகாகவும் இருந்தன. எதிரில் ஒருவரும் இல்லை. அந்த ஒரு வருடத்தில் ஒரு போர்கூட ஆடவில்லை என்பது அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது. வரைவதற்காக மட்டும் இதில் வரவில்லை. ஒரு மேட்டின்மேல் நின்று, இடப்பக்கத்தை அனுப்பலாமா பொறுக்கலாமா என்று தவிக்க ஆசைப்பட்டு வந்தவன் நான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது புரிந்த பிறகுதான் அளவு என்பது அழகைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது. நெப்போலியன் காலத் துப்பாக்கி நம்பிச் சுடக்கூடிய தூரம் சுமார் 100 மீட்டர். 1:56 விகிதத்தில் அது மேசைமேல் 1.8 மீட்டர். வழக்கமான ஆறடிக்கு நாலடி மேசையின் முழு நீளமும் அவ்வளவுதான். ஒரு பட்டாலியனின் 600 பேர் மூன்று வரிசையில் நின்றால் ஒரு வரிசைக்கு 200 பேர். ஆளுக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் வைத்தாலும் 110 மீட்டர் அகலம். அதே விகிதத்தில் ஒரே ஒரு பட்டாலியன் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் 28 மி.மீ. விளையாட்டுகள் எல்லாமே ஓர் ஒப்பந்தத்தின்மேல் நடக்கின்றன: வீரனின் உயரத்துக்கு ஒரு விகிதம், நிலத்தின் தூரத்துக்கு வேறொரு விகிதம். அந்த 600 பேருக்குப் பதிலாக 24 பொம்மைகள் இரண்டு வரிசையில் நின்றால் சுமார் 24 செ.மீ. அந்த 24 செ.மீ. உண்மையில் 110 மீட்டர் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு பண்ணை வீட்டை வைத்துப் பாருங்கள். வீரர்களின் உயரத்துக்குப் பொருத்தமான வீடு நான்கு பட்டாலியன் நிற்க வேண்டிய இடத்தை விழுங்கிவிடும். பலர் வீடுகளை மட்டும் ஒரு அளவு சிறியதாக வைப்பது இதனால்தான்.

இதே கணக்கை 1:300இல் போட்டால் 100 மீட்டர் 33 செ.மீ. ஆகிறது, பட்டாலியன் 37 செ.மீ. மேசையில் இரண்டு மூன்று பட்டாலியன்கள் உண்மையான விகிதத்திலேயே அருகருகே நிற்கலாம். சுருக்கி வைத்தால் ஒரு முழுப் படையணியே நிற்கும்.

சிறிய வீரர்களால் பெரிய போரைச் சொல்வது புதிய யோசனையும் இல்லை. வில்லியம் சிபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1830இல், நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்யும் பணியை ஏற்றார். எட்டு மாதம் அந்தக் களத்தில், லா ஹே சாந்த் பண்ணையிலேயே தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணி அளவில் அவரவர் படை எங்கே நின்றது என்று கேட்டார். நடுவில் அரசு பணம் தருவதை நிறுத்தியது, அவர் கடனில் மூழ்கினார், ஆனாலும் விடவில்லை. 1838இல் மக்கள் பார்வைக்கு வந்த அந்த மாதிரியில் 70,000க்கும் மேற்பட்ட உலோக வீரர்கள், ஒவ்வொருவரும் சுமார் 10 மி.மீ. உயரம். இன்று அது லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தனி வீரன் யாரும் கண்ணில் நிற்பதில்லை. மேட்டின்மேல் ஏறும் கூட்டம் நிற்கிறது. வாட்டர்லூவை ஆள் ஆளாக அல்லாமல் அலை அலையாகப் பார்க்க ஆசைப்படுபவருக்கு நான் 6 மி.மீ.யைத்தான் கைகாட்டுவேன்.

அதை வரைவது தனி வித்தை. 28 மி.மீ.யில் கற்றதை அப்படியே கொண்டுவந்தால் எல்லாம் கறுத்துப்போகும். சின்னப் பரப்பு தள்ளி நின்று பார்க்கையில் இருட்டாகத் தெரியும் என்பதால் நிறங்களை ஓரிரு படி வெளுப்பாக எடுக்க வேண்டும். நான்கு பேர் ஒரே பட்டையில் வார்க்கப்பட்டு வருவார்கள். கருப்பு பிரைமர் அடித்து, நீலத்தை ஒரே இழுப்பில் முதுகுகளின்மேல் ஓட்டி, குறுக்குப் பட்டைக்கு வெள்ளையில் ஒரு கோடு, முகத்துக்கு ஒரு புள்ளி, துப்பாக்கிக்குப் பழுப்பில் ஒரு தீற்றல். பிரஷ் படாத இடத்தில் கருப்பு அப்படியே நின்று நிழலாகிவிடும். அருகில் பார்த்தால் புள்ளியும் கோடும்தான். கையை நீட்டிப் பிடித்தால் திடீரென்று படை. குஞ்சத்தின் நிறத்தைப் பற்றிய கவலையே இல்லை. ஆறு பட்டை கொண்ட ஒரு பட்டாலியனை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறேன், அதாவது ஒரு 28 மி.மீ. வீரனுக்கு ஆகும் நேரத்தில்.

வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் இருபக்கமும் சேர்ந்து 7,000 தாண்டும். அதுவும் வெலிங்டனுக்கு உதவியாகப் பின்னால் வந்த தளபதி புளூஹரின் பிரஷ்யர்களைச் சேர்க்காமல். என் வேகத்தில் 28 மி.மீ.யில் அதை முடிக்க 67 ஆண்டு ஆகும். 6 மி.மீ.யில் மூன்று ஆண்டுக்குள் முடியும்.

அப்படியானால் எல்லோரும் 6 மி.மீ.க்குப் போய்விடலாமே? எனக்கு அதில் ஒரு குறை உண்டு. பேஸ்களைத்தான் நகர்த்துகிறோம், ஆட்களை இல்லை. ஒரு பட்டாலியன் சிதறி ஓடும்போது 28 மி.மீ.யில் அந்த முரசுப் பையனும் போகிறான், மனசுக்குள் ஏதோ செய்கிறது. 6 மி.மீ.யில் வரைபடத்திலிருந்து ஒரு கட்டத்தை எடுத்ததுபோல் இருக்கிறது. கொடிகளைக் கொஞ்சம் பெரியதாக ஒட்டுவது, தளபதியின் பேஸில் ஒரு மரமும் இரண்டு குதிரைகளும் வைத்து ஒரு சின்னக் காட்சி அமைப்பது என்று சரிசெய்யப் பார்க்கலாம். பாதிதான் சரியாகும். கண்பார்வை ஏற்கெனவே மங்கத் தொடங்கியவர்களுக்கு இந்த அளவு சிரமம் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் வேறு. நுணுக்கம் தேவைப்படாததால், கண்ணை அதிகம் சோர்வாக்குவது 28 மி.மீ.யின் கண்விழியும் பொத்தானும்தான்.

இடையில் நிற்பது 15 மி.மீ. முதல் படைக்கு நான் பரிந்துரைப்பது இதையே. நான் வந்து சேர்ந்ததும் இங்கேதான். உருவத்தில் ஆளும் தெரிகிறது, கூட்டமும் தெரிகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த அளவில் பலரும் ஆடும் ஓர் ஆட்ட விதிமுறை. 1990இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகிட்டாட்டிஸ்’, சுருக்கமாக டிபிஏ. பண்டைய, இடைக்காலப் போர்களுக்கானது. ஒரு படைக்குப் பன்னிரண்டே பேஸ்கள். ஒவ்வொரு பேஸும் 40 மி.மீ. அகலம். நெருங்கி நிற்கும் கனமான காலாட்படைக்கு ஒரு பேஸில் நான்கு பேர், குதிரைப்படைக்கு மூன்று, கவண் எறிபவர்களுக்கு இரண்டு, யானைக்கு ஒன்று. ஒரு படைக்கு ஏறக்குறைய நாற்பது பொம்மைகள். இரண்டு படையும் சேர்ந்து எண்பது. ஒன்றுக்கு இருபது நிமிடம் வைத்தால் 27 மணி நேரம். என் அதே மூன்று மாலைகளில் ஒன்பது வாரம். 28 மி.மீ.யில் ஒரு பட்டாலியன் முடிவதற்குள் இங்கே ஒரு முழுப் போர், இருபக்கமும், தயாராகிவிடுகிறது. மேசையில் இரண்டடிச் சதுரம் போதும். நான்கு பேஸ்களை இழந்தவர் தோற்றார், அநேகமாக ஒரு மணி நேரத்துக்குள்.

சின்னது என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு பகடையை உருட்ட வேண்டும். விழும் எண் எத்தனையோ அத்தனை நகர்வுகள்தான் உண்டு. சேர்ந்து நிற்கும் பேஸ்கள் ஒரே நகர்வில் ஒன்றாகப் போகலாம், சிதறியவை தனித்தனியாகக் கணக்கு. ஒரு மாலை என் அலெக்சாண்டர் படையின் வலப்பக்கக் குதிரைகள் எதிரியின் பின்புறத்துக்கு வந்துவிட்டன. அதே நேரம் நடுவில் ஈட்டிக்காரர்களுக்கு முன்னால் யானைகள். பகடையில் ஒன்று விழுந்தது. குதிரையா, ஈட்டியா? ஒன்றுதான் நகரலாம். குதிரையை விட்டேன், நடு உடைந்தது. மூன்று பட்டாலியன் வரைந்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

அந்தப் படை ஜோடியையே புதியவர்களுக்கும் சொல்வேன்: கி.மு. 326இல் ஹைடாஸ்பஸ் (இன்றைய ஜீலம்) ஆற்றங்கரையில் மோதிய அலெக்சாண்டரும் போரஸும். ஒரு பக்கம் நீண்ட ஈட்டிகளும் குதிரைகளும், மறுபக்கம் யானைகளும் தேர்களும் வில்லாளிகளும். இரண்டு படைகளும் வேறு வேறாக நடந்துகொள்ளும், அதனால் அலுக்காது. இன்னொரு வசதியும் உண்டு. பண்டைய வரலாற்றாசிரியர்களில், போரஸிடம் 200 யானைகள் என்கிறார் அரியன். 130 என்கிறார் டயடோரஸ். 85 என்கிறார் கர்ட்டியஸ். மூலங்களே இப்படி ஒத்துப்போகாத காலத்தில், உங்கள் கேடயத்தில் இருக்கும் சிவப்பு தவறு என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. 1808ஆம் ஆண்டுக் குஞ்சத்தைப் பற்றிக் கறாராகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் படையை வரைபவருக்கு அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

28 மி.மீ.க்கும் இதுபோல் சின்ன வழிகள் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2011இல் வந்த ‘சாகா’ என்ற விதிமுறை வைக்கிங் காலக் குழுச் சண்டைகளுக்கானது. முப்பது நாற்பது வீரர்கள் போதும். 2012இல் வந்த ‘போல்ட் ஆக்ஷன்’ இரண்டாம் உலகப் போருக்கானது. ஒரு பைக்குள் இருபக்கத்துப் பகடைகளையும் போட்டுக் குலுக்கி, யாருடையது கையில் வருகிறதோ அவர் ஒரு குழுவுக்கு ஆணையிடுவார். இந்த இரண்டிலும் ஒரு பொம்மை என்றால் ஒரு ஆள்தான். அந்த நிலையில் 28 மி.மீ. முழு நியாயத்தோடு நிற்கிறது. நான் செய்த பிழை அளவில் இல்லை. முப்பது பேருக்கு உரிய அளவில் முப்பதாயிரம் பேரின் போரை ஆட முயன்றேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1:72 பிளாஸ்டிக் வீரர்கள், 1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த வழியில் வந்தவர்கள், மிகக் குறைந்த செலவில் ஒரு பெட்டிக்குள் ஒரு படையே கிடைக்கும். மென்மையான பிளாஸ்டிக் என்பதால் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் வரைந்தால் ஈட்டி நுனியிலிருந்து பெயின்ட் உரிந்து வரும், பசையும் எளிதில் ஒட்டாது. பொறுமை இருந்தால் அருமையான தேர்வு. 54 மி.மீ. அலமாரிக்கு அழகு. 1913இல் எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் தரையில் படுத்துக்கொண்டு ஸ்பிரிங் பீரங்கியால் உண்மையாகவே சுட்டு விளையாட விதிகள் வகுத்தது அந்த அளவில்தான். அதற்குத் தோட்டமோ பெரிய கூடமோ வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரம் ஏற்கெனவே உள்ளவருக்கு எந்த அளவும் ஒன்றே. ஆனால் ரெசின் திரவம் தோலில் படக்கூடாது. கையுறையும் காற்றோட்டமான அறையும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். பழைய உலோக வீரர்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றைச் சுரண்டிய பிறகு கையைக் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை.

ஆட்டத்துக்கு ஆள் உண்டா என்பது இவை எல்லாவற்றையும் புரட்டிப்போடும். அருகில் ஒரு குழு ஏற்கெனவே 28 மி.மீ.யில் ஆடிக்கொண்டிருந்தால் நான் மேலே சொன்ன கணக்குகளை மூடி வைத்துவிட்டு அவர்களோடு சேருங்கள். எதிரிப் படையை வரையும் வேலை பாதியாகக் குறையும், கேட்க ஆளும் இருப்பார்கள். ஒருவரும் இல்லை என்றால் இரு படைகளையும் நீங்களே வைத்திருக்க வேண்டும். அப்போது 15 அல்லது 6 தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வருபவருக்கு விதி தெரிய வேண்டியதில்லை. மேசையில் இரு படைகளும் தயாராக நின்றால், அண்ணனோ மகளோ அடுத்த வீட்டு நண்பரோ ஒரு மணி நேரம் உட்காருவார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். தடிமனான அட்டையை 40 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, இருபத்து நான்கில் ‘ஈட்டி’, ‘குதிரை’, ‘யானை’ என்று எழுதி ஒரு போர் ஆடிப் பாருங்கள். 1824இல் பிரஷ்ய அதிகாரி ராய்ஸ்விட்ஸ் தன் ராணுவத்துக்குக் கொடுத்த போர்ப் பயிற்சியில் பொம்மையே கிடையாது. 1:8000 வரைபடத்தின்மேல் சிவப்பும் நீலமுமாகச் சின்னக் கட்டைகளை நகர்த்தினார்கள். அட்டையோடு ஆடும்போதே ‘இங்கே ஒரு முகம் இருந்திருக்கலாமே’ என்று மனசு ஏங்கினால் நீங்கள் 28 மி.மீ. ஆள். ‘இன்னும் இருபது துண்டு வேண்டும், மேசை போதவில்லை’ என்று தோன்றினால் 6 மி.மீ. ஆட்டம் முடிந்ததும் மறுபடி அடுக்கி இன்னொரு சுற்று ஆடத் தோன்றினால் 15 மி.மீ.யில் தொடங்கலாம். வெட்டிய அந்த அட்டைகளின் மேலேயே வீரர்களை ஒவ்வொரு பேஸாக ஒட்டிக்கொண்டு வரலாம். பாதி அட்டை, பாதி வீரர்கள் என்று ஆடுவதில் ஒரு குறையும் இல்லை.

ஏற்கெனவே ஒரு 28 மி.மீ. நெப்போலியன் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். அதிலிருந்து பன்னிரண்டு பேரை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரையும் தனித்தனி வட்ட பேஸில் ஒட்டி, காவல் முனையில் நிற்கும் ஒரு சிறு குழுவாக வரையுங்கள். எதிரில் இன்னொரு பன்னிரண்டு பேர் போதும். பின்னாளில் பட்டாலியனாக நிறுத்த மனம் வந்தால், வட்டக் குழிகள் வெட்டிய ஒரு தட்டில் அவர்களை அப்படியே செருகிவிடலாம். பேஸிலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை. என் மூன்று பட்டாலியன்களும் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. போன மாதம் அந்த முரசுப் பையன் முதல் முறையாகக் களம் கண்டான்.